விடுதலை பெற்றோரும் வெறுந்தரையும்

கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியிலே ஒரு தெரு. பெயர் யூதத் தெரு. அதன் வடகோடியில் கொச்சி மன்னரின் பழைய அரண்மனை. அரண்மனையை ஒட்டிக் கோயில். அதற்கும் அப்பால் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை, யூதரின் தொழுகைக் கூடம். 1568இல் எழுப்பப்பட்டது. பரதேசித் தொழுகைக் கூடம் என்று அதற்குப் பெயர். வாயிலருகே மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. ஒரு முகத்தில் எபிரேய எண்கள், ஒரு முகத்தில் ரோம எண்கள், மற்றொன்றில் மலையாள எண்கள். உள்ளே சீன நாட்டிலிருந்து வந்த நீலவண்ண ஓடுகள் பதித்த தரை. டச்சுக் கம்பெனியின் பெருவணிகராக விளங்கிய எசக்கியேல் ரகபி 18ஆம் நூற்றாண்டில் செய்த அணி அது. காண வருவோர் கண்ணை முதலில் கவர்வது அந்தத் தரைதான்.

நாம் பேச வந்ததும் தரையைப் பற்றியே. ஆனால் ஓடு பதித்த தரையை அன்று. தொழுகைக் கூடத்தின் முன்னறைத் தரையை. அங்கே பலகையின்றி, பாயுமின்றி, தரையிலும் படியிலும் அமர்ந்து தொழும்படி விதிக்கப்பட்ட மக்கள் இருந்தனர். அவர்களும் யூதர்களே. உள்ளே பலகையில் அமர்ந்தவர் வணங்கிய அதே இறைவனை வணங்கியவர். அதே தோராவை ஓதக் கேட்டவர். அதே ஓய்வுநாளைக் காத்தவர். விலக்கப்பட்ட உணவை அவர்களைப் போலவே விலக்கியவர். பின் ஏன் தரை? அவர்களின் பாட்டனோ பாட்டியோ, பாட்டிக்குப் பாட்டியோ, ஒரு காலத்தில் அடிமையாயிருந்தார் என்பது காரணம். அவர்களைக் குறிக்கும் பெயரே 'மெஷுக்ராரிம்'. எபிரேய மொழியில் 'விடுவிக்கப்பட்டோர்' என்பது பொருள். விடுதலையைப் பெயரிலே வைத்துவிட்டு, ஆளைத் தரையிலே வைத்தனர்!

பிரமன் முகத்தில் பிறந்தோர், காலில் பிறந்தோர் என்ற கதை யூதரின் மறையில் இல்லை. ஆதாம் என்ற ஒருவனிடமிருந்தே மாந்தர் அனைவரும் தோன்றினர் என்பது அவர்கள் கொள்கை. மனுநீதி அவர்களிடம் இல்லை. இருந்தும் அங்கே பெண் கொடுக்கல் வாங்கல் இல்லாத பிரிவுகள் இருந்தன. உடன் உண்ணாமை இருந்தது. தனி இடுகாடு இருந்தது. சாதிக்கு ஆணிவேர் சாத்திரம் என்று நாம் பேசுகிறோம். பேசுவது தவறன்று. ஆனால் சாத்திரமே எதிர்த்து நின்றபோதும் சாதி அசையாமல் நின்ற ஓர் இடம் உண்டு என்றால், அதையும் நாம் அறிந்து வைத்திருக்க வேண்டாமா?

யூதர்கள் மலையாளக் கரைக்கு வந்தது எப்போது? எருசலேம் கோயில் கி.பி. 70இல் உரோமரால் இடிக்கப்பட்டபின் வந்தோம் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. சாலமோன் அரசனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களில் மயிலைக் குறிக்க எபிரேய மறையில் வரும் 'துக்கி' என்ற சொல் நம் 'தோகை'யிலிருந்து சென்றது என மொழிநூலார் பலர் கருதுகின்றனர். ஆகவே வணிக உறவு பழையது என்பதில் ஐயமில்லை. சொல் போயிற்று என்று நாம் மார்தட்டிக்கொள்வதில் பயனில்லை. மயிலை விற்றவன் யார், சுமந்தவன் யார் என்று அந்தச் சொல் நமக்குச் சொல்வதில்லை.

கைக்குக் கிடைக்கும் சான்று செப்பேடு. சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தபோது யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு அளித்தது. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது, தமிழிலிருந்து மலையாளம் இன்னும் முழுமையாகப் பிரியாத காலத்து நடை. நம் இளைஞர் ஒருவர் எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டால் சொற்களில் பெரும்பாலானவற்றைத் தம் மொழியாகவே அறிந்துகொள்வார். கி.பி. 379இல் தரப்பட்டது என்று யூதர் நெடுங்காலம் கூறிவந்தனர். கல்வெட்டு ஆய்வாளர்களோ எழுத்தையும் அரசனின் ஆட்சிக் காலத்தையும் ஆராய்ந்து, கி.பி. 1000ஐ ஒட்டியது என்று கூறுகின்றனர்.

அதில் என்ன தரப்பட்டது? அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமை. எழுபத்திரண்டு சிறப்புரிமைகள். பகலிலே விளக்குப் பிடித்துச் செல்லலாம், நடக்கும் பாதையில் துணி விரிக்கலாம், பல்லக்கு ஏறலாம், குடை பிடிக்கலாம், பறை முழக்கலாம், காளம் ஊதலாம், தோரணம் கட்டலாம். வரி விலக்கு வேறு. ரப்பானுக்கும் அவன் மகன், மகள், மருமகன் வழியினருக்கும் உலகுள்ள காலம்வரை.

பரந்த நோக்கம், பிற சமயத்தாரைப் போற்றிய பெருந்தன்மை என்று இதனை வரலாற்று நூல்கள் பாராட்டும். பாராட்டட்டும். அகதிகளைக் கொன்று குவித்த நாடுகள் பல. குடை கொடுத்த நாடு நல்ல நாடே. ஆயினும் அந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். குடை பிடிப்பது ஓர் உரிமையாக ஏன் தரப்பட வேண்டும்? மழை எல்லார் தலையிலும்தானே பெய்கிறது! பிடிக்கக் கூடாதவர்கள் பலர் இருந்ததால்தான் பிடிக்கலாம் என்பது பரிசாயிற்று. பல்லக்கில் செல்ல ஒருவனுக்கு உரிமை தந்த நாள், தோளில் சுமக்கும் கடமையை வேறொருவனுக்கு உறுதி செய்த நாளும் ஆகும். யூதர்களுக்கு மலையாள நாடு அளித்த முதல் பரிசு சாதி ஏணியிலே ஒரு படி. அதுவும் உயர்ந்த படி. உயர்ந்த படியில் நிற்பவனுக்கு ஓயாத கவலை ஒன்று உண்டு. கீழ்ப்படியில் இருப்பவனோடு தன்னை யாரும் சேர்த்து எண்ணிவிடக் கூடாதே என்பது அது.

14ஆம் நூற்றாண்டில் ஆறு தடம் மாறிற்று. முசிறித் துறை தூர்ந்தது. கொச்சித் துறை வளர்ந்தது. வணிகமும் யூதர்களும் கொச்சிப் பக்கம் பெயர்ந்தனர். கொச்சங்காடியில் எழுந்த தொழுகைக் கூடத்தின் 1344ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்றும் கிடைக்கிறது. கூடம் இல்லை, கல் மட்டும் பரதேசிக் கூடத்தின் சுவரில் பதிந்து நிற்கிறது. பின்னர் போர்ச்சுக்கீசியர் வந்தனர். கோவாவில் 1560இல் சமய விசாரணை மன்றம் அமைத்தனர். கொச்சி மன்னரோ தம் அரண்மனைக்கு அருகிலேயே யூதர்க்கு இடம் அளித்தார்.

அந்த நூற்றாண்டிலேதான் புதியவர் சிலர் வந்து சேர்ந்தனர். ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுக்கலிலிருந்தும் விரட்டப்பட்டோர். அலெப்போ முதலிய மேற்காசிய நகரங்களிலிருந்து வந்தோர். இவர்கள் 'பரதேசிகள்' எனப்பட்டனர். அயல் நாட்டார் என்பதே பொருள். நம் வழக்கில் பரதேசி என்றால் பிச்சைக்காரன் என்று ஆகிவிட்டது. அங்கோ அதுவே உயர்குலப் பட்டம்! பிற்காலத்தில் இவர்களை வெள்ளை யூதர் என்றும், முன்பிருந்தே வாழ்ந்த மலபார் யூதரைக் கறுப்பு யூதர் என்றும் ஐரோப்பியர் எழுதலாயினர்.

ஸ்பெயினில் என்ன நேர்ந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். 1391இல் அங்கே யூதர் மீது பெருங்கலவரம். உயிருக்கு அஞ்சிப் பல்லாயிரவர் கிறித்துவராயினர். மதம் மாறினால் தொல்லை தீரும் என்று நம்பினர். தீர்ந்ததா? 1449இல் தொலேதோ நகரில் ஒரு விதி பிறந்தது. யூத மரபில் வந்தவன் கிறித்துவனே ஆனாலும் நகரப் பதவி எதற்கும் தகுதியற்றவன். அவன் இரத்தம் தூய்மையற்றது என்றது அந்த விதி. கோயிலில் நீர் தெளித்தும் கழுவ முடியாத கறை! பிறவிக் கறை! 1492இல் மதம் மாறாத யூதர் அனைவரும் நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர். இரத்தத் தூய்மை என்ற வாளால் வெட்டுண்டு கடல் கடந்து வந்தவர்கள், கொச்சிக் கரையில் இறங்கியதும் அந்த வாளையே கையில் எடுத்தார்கள்.

பழியை வந்தவர் தலையில் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. அவர்கள் வந்து நிலைபெறுமுன்பே பிளவு இருந்தது. அதற்குச் சான்று ஒரு கடிதம். 1520ஐ ஒட்டிய காலம். கொச்சியிலிருந்து எகிப்து நாட்டுக் கெய்ரோவில் இருந்த பெருங்குரு தாவீது இபின் சிம்ராவுக்கு ஒரு கேள்வி போயிற்று. அங்கே யூதக் குடும்பங்கள் ஏறத்தாழ 900. அவற்றுள் 100 குடும்பத்தார் தம்மைத் தூய மரபினர் என்கின்றனர். மற்றவரை அடிமைகள் என்று இழித்துரைத்துப் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மறுக்கின்றனர். அடிமைகள் எனப்படுவோரோ செல்வர், இறைப்பற்று உள்ளவர், மறை கற்றவர், அரசரிடம் செல்வாக்குப் பெற்றவர். அயல்நாட்டு யூத வணிகர் இங்கே பணிப்பெண்களை விலைக்கு வாங்கி, அவர்கள் வயிற்றில் பெற்ற மக்களை விடுவித்ததால் பெருகிய மரபினர். இவர்களோடு மணவுறவு கொள்ளலாமா, கூடாதா? இதுதான் கேள்வி.

யூத நெறி இதுபற்றி என்ன கூறுகிறது? அடிமை முறையை அது ஒழிக்கவில்லை. லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் அயலாரை அடிமையாக வாங்கவும் மக்களுக்கு உடைமையாக விட்டுச் செல்லவும் இடம் தருகிறது. மறையைப் புகழ நாம் புறப்படவில்லை. மனிதனை உடைமையாக்கும் எந்த ஏடும் நம் வணக்கத்துக்கு உரியதன்று. ஆயினும் அந்த நெறியிலே வெளியேறும் வாயில் ஒன்று உண்டு. உடையவன் விடுதலைச் சீட்டு எழுதிக் கொடுத்து, அடிமை நீரில் முழுகி எழுந்தால், எழுந்தவன் முழு யூதன். பாதி யூதன் அல்லன். தரை யூதன் அல்லன். அயலான் ஒருவன் சமயத்தில் சேர்ந்தாலும் அவ்வாறே. அவனுடைய பழைய பிறப்பைச் சுட்டிக்காட்டிப் பேசுவதையே குற்றம் என்கிறது தால்மூத். யூதர் தலைமேல் வைத்துப் போற்றும் தாவீது அரசனின் கொள்ளுப்பாட்டி ரூத்து, மோவாபு நாட்டுப் பெண், வேற்றினத்தாள். யூத அறிஞருள் தலைசிறந்தவராகப் போற்றப்படும் மைமோனிடிஸிடம், புதிதாய்ச் சமயம் சேர்ந்த ஒபதியா என்பவர் ஓர் ஐயம் எழுப்பினார்: தொழுகையில் 'எங்கள் முன்னோரின் இறைவனே' என்று சொல்கிறார்களே, என் முன்னோர் யூதர் அல்லரே, நான் அதைச் சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம், ஒரு சொல்லையும் மாற்ற வேண்டா, ஆபிரகாம் உமக்கும் தந்தையே என்று விடை எழுதினார் மைமோனிடிஸ். இது நடந்தது 12ஆம் நூற்றாண்டில்.

கெய்ரோவிலிருந்து கொச்சிக்கு வந்த விடையும் அந்த வழிப்பட்டதே. விடுதலைச் சீட்டு இருந்ததா இல்லையா என்ற ஐயம் நீங்க, அவர்கள் ஒருமுறை நீரில் முழுகட்டும். அதன்பின் அவர்கள் எல்லா வகையிலும் யூதர். மணவுறவுக்குத் தடை எதுவும் இல்லை என்றார் குரு. தாவீது இபின் சிம்ரா யார் தெரியுமா? ஸ்பெயினில் பிறந்தவர். 1492இல் நாடு கடத்தப்பட்டோர் கூட்டத்தில் சிறுவனாய் வெளியேறியவர். அவருக்கும் அந்த வாளின் கூர்மை தெரியும். அவர் அதைக் கையில் எடுக்கவில்லை.

தீர்ப்பு வந்தது. என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. நூற்றாண்டின் இறுதியை நெருங்கும் காலத்தில் மீண்டும் எகிப்துக்குக் கேள்வி போயிற்று. அப்போது விடை எழுதியவர் யாக்கோபு காஸ்திரோ என்ற குரு. அவரும் அவ்வாறே கூறினார். மீண்டும் ஒன்றும் ஆகவில்லை. 1686இல் ஆம்ஸ்டர்டாம் யூதரின் சார்பில் மோசஸ் பெரைரா தெ பைவா என்பவர் கொச்சிக்கு வந்தார். வெள்ளை யூதர் கூறியதையெல்லாம் கேட்டு எழுதி அச்சிட்டார். மலபார் யூதருக்குப் பெண் தருவதில்லை. அவர்கள் அறுத்த இறைச்சியை உண்பதில்லை. கூட்டுத் தொழுகைக்கு ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது யூத நெறி, அந்தப் பத்திலே அவர்களைச் சேர்ப்பதில்லை. காரணம்? அடிமை மரபு! எகிப்துக் குருமாரின் தீர்ப்பு எங்கே போயிற்று என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பலகையில் அமர்ந்திருப்பவரோடு விருந்துண்ட பயணியின் கண்ணுக்குத் தரை தெரிவது அரிது.

முழுகினால் தீருமே, அந்த மக்கள் ஏன் முழுகவில்லை என்று கேட்போர் உண்டு. முழுகுவது என்றால், நான் அடிமை மரபினன்தான், என் பாட்டன் விடுதலைச் சீட்டு இல்லாதவன்தான் என்று ஊரறிய ஒப்புக்கொள்வதன்றோ? ரப்பானின் காலத்திலிருந்தே இங்கு வாழ்ந்தோம் என்று தலைநிமிர்ந்து சொல்பவன், நேற்று வந்தவனிடம் தகுதிச் சான்று பெற ஏன் நீரில் இறங்க வேண்டும்? வேடிக்கை என்னவென்றால், ரப்பானின் செப்பேடும் வெள்ளை யூதரின் கூடத்துப் பேழைக்கே போய்ச் சேர்ந்தது. செப்பேடு தரப்பட்ட நாளில் ஸ்பெயினிலும் அலெப்போவிலும் இருந்தவர்களின் வழிவந்தோர், அது தம் முன்னோர்க்குத் தரப்பட்டது என்று உரிமை கொண்டாடினர். உரிமைச் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவன் எழுதுவதே வரலாறு.

நிறம்தான் காரணம் என்று எண்ணுவோர் ஏமாறுவர். கறுப்பர் எனப்பட்டோருள் சிவந்தோர் இருந்தனர். வெள்ளையர் எனப்பட்டோருள் கொச்சி வெயிலில் நிறம் மாறியோர் இருந்தனர். நிறம் ஒரு சாக்கு. காரணம் அரண்மனையை ஒட்டியே நின்றது. யூதர் தலைவனுக்குக் கொச்சி மன்னர் வழங்கிய பட்டம் 'முதலியார்'. ஆம், நாமறிந்த அதே சொல். தம் இனத்தாரின் சிறு வழக்குகளைத் தீர்க்கவும் தண்டம் விதிக்கவும் முதலியாருக்கு அதிகாரம் இருந்தது. காஸ்தியேல் என்ற ஸ்பானியக் குடும்பத்தார் வழிவழியாக அப்பட்டம் தாங்கினர். நம்பூதிரியும் நாயரும் தீண்டும் தொலைவு, காணும் தொலைவு என்று அளந்து வாழ்ந்த நாட்டில், அரண்மனைக்கு அருகே வீடு பெற்ற வணிகன், தன் வீட்டிலும் தாழ்ந்தவன் ஒருவன் உண்டு, அவனை நானும் எட்டவே வைத்திருக்கிறேன் என்று காட்டிக்கொண்டான். அதைக் காட்டினால்தான் மதிப்பு. மறைநூல் எகிப்திலிருந்து பேசிற்று; மதிப்போ பக்கத்துத் திண்ணையிலிருந்து பேசிற்று. அவர்கள் திண்ணையின் சொல்லையே கேட்டனர்.

மலபார் யூதரும் இந்த நோய்க்கு விலக்கல்லர் என்பதைக் கூறாமல் விட்டால் நாம் பாதி உண்மை பேசியவராவோம். 'அடிமை' என்ற பழிச்சொல்லுக்கு அவ்வளவு நொந்த அவர்களும், தமக்குள் சில குடும்பங்களை விடுவிக்கப்பட்டோர் வழியினர் என்று பிரித்தே வைத்திருந்தனர். மிதிபட்டவனும் மிதிக்க ஒரு முதுகைத் தேடும் இந்தக் கொடுமையைத்தான் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கினார்.

பரதேசிக் கூடத்தைச் சார்ந்திருந்த விடுவிக்கப்பட்டோரின் நிலைதான் எல்லாவற்றிலும் கடைநிலை. பலகையில் அமரக் கூடாது. தோராவை ஓத அழைக்கப்படமாட்டார். வெள்ளை யூதரை மணக்க முடியாது. இறந்தபின்னும் அவர்கள் இடுகாட்டில் இடமில்லை. தொண்டு செய்ய மட்டும் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே இவர்களுள் சிலர் சினந்தெழுந்தனர். தரை உங்களுக்கே ஆகட்டும் என்று சொல்லிக் கோட்டைக் கொச்சிக்குப் போய்த் தனியே தொழுகை வீடு அமைத்தனர். முயற்சி நிலைக்கவில்லை. நோய் பரவிற்று, எண்ணிக்கை சுருங்கிற்று, எஞ்சியோர் பழைய தெருவுக்கே, பழைய தரைக்கே திரும்ப நேர்ந்தது. அந்தத் திரும்பும் நடை எவ்வளவு நெடியதாய் இருந்திருக்கும்!

ஒன்றை மட்டும் மகிழ்ச்சியோடு சொல்லலாம். பெண்கள் பாடிய பாட்டுகளுக்கு இந்த வேலி இல்லை. யூதப் பெண்கள் மலையாளத்தில் பாட்டுகள் பாடினர். குறிப்பேடுகளில் எழுதி வைத்தனர். வெள்ளை, கறுப்பு என்ற வேறுபாடின்றி எல்லாத் தொழுகைக் கூடத்துப் பெண்களிடமும் ஒரே பாட்டுகள் வழங்கின என்று ஏடுகளை ஒப்பிட்டவர் கண்டனர். 2005இல் வெளிவந்த ஒரு தொகுப்பின் பெயர் 'கார்குழலி'. நமக்கு அகராதி வேண்டாத சொல்! ஆடவர் கட்டிய வேலியை அடுக்களையின் பாட்டு தாண்டிற்று. ஆனால் பாட்டு தாண்டிய இடத்தில் மணமகன் தாண்ட முடியவில்லை.

1882இல் விடுவிக்கப்பட்டோர் குடும்பமொன்றில் ஒரு குழந்தை பிறந்தது. ஆபிரகாம் பாரக் சாலேம். நம் சேலத்துக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. எருசலேமின் பழம்பெயர் அது. எறணாகுளம் மகாராசா கல்லூரியில் படித்தார். பின்பு சென்னைக்கு வந்து பட்டம் பெற்றார், சட்டமும் பயின்றார். அவர் இனத்தில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல்வர் அவரே. எறணாகுளத்தில் வழக்கறிஞரானார். 1925 முதல் 1931 வரையிலும், பின்னர் 1939 முதல் 1945 வரையிலும் கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினர். தொழிலாளர் சங்கங்களுக்குத் துணை நின்றார். 1929இல் லாகூர் காங்கிரசுக்குப் போனவர்; யூத காந்தி என்றே பலர் அழைத்தனர். காங்கிரசுக்காரராயிற்றே என்று நம் தோழர்களில் எவரேனும் புருவம் நெரிக்கலாம். நெரிக்க வேண்டா. தரையில் அமர்ந்தவன் எழுந்து நிற்க எந்தத் தடியை ஊன்றினான் என்பதா இங்கே வழக்கு?

எண்ணிப் பாருங்கள். வழக்கு மன்றத்தில் கறுப்பு அங்கி அணிந்து நீதிபதியின் முன் நின்று வாதாடுகிறார். சட்டமன்றத்தில் திவானின் ஆட்சியைக் கேள்வி கேட்கிறார். மாலையானதும் படகேறி மட்டாஞ்சேரிக்கு வந்து தம் தொழுகைக் கூடத்துக்குள் நுழைந்தால், அவருக்குரிய இடம் முன்னறைத் தரை! உள்ளே பலகையில் இருப்பவருள் அவரளவு கற்றவர் எத்தனை பேர்? கல்வி வந்தால் சாதி போகும், பதவி வந்தால் சாதி போகும் என்று நமக்கு அறிவுரை கூறும் அன்பர்கள் இந்தக் காட்சியை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

சாலேம் முதலில் கூடத்துக்குப் போவதையே நிறுத்திப் பார்த்தார். பிறகு முறையை மாற்றினார். தம் பிள்ளைகளுடன் போனார், அறப்போர் தொடங்கினார். உண்ணாநோன்பு, மறியல், வாதம், விண்ணப்பம் என்று அந்தக் கால அறப்போர்க் கருவிகள் அனைத்தும் அவருக்குத் தெரியும். 1924இல், அவ்வூரிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத வைக்கத்திலே, கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்குப் போராட்டம் நடந்தது. பெரியார் சிறை சென்றார். அந்தக் காற்று வீசிய நாடு அது. தெருவுக்காக ஒரு போர், பலகைக்காக ஒரு போர். 1936இல் திருவாங்கூர்க் கோயில்கள் அனைவர்க்கும் திறந்தன. மட்டாஞ்சேரியிலும் 1930களின் நடுப்பகுதிக்குள் பழைய தடைகளுள் பெரும்பாலானவை ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. முதலில் பின்வரிசையிலே பலகை கிடைத்தது. தோராவை ஓதும் உரிமை பிறகே வந்தது. முந்நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் நின்ற கூடத்தில், ஒரு பலகையின் முனையைப் பெற இத்தனை பாடு.

மணத்தடை மட்டும் அசையவில்லை. 1950இல் சாலேமின் மகன் ஒருவருக்கும் வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண் ஒருவருக்கும் காதல் மணம் நடந்தது. கொச்சியில் அன்று; பம்பாயில். கெய்ரோவிலிருந்து தீர்ப்பு வந்து அப்போது நானூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது.

அதற்குள் உலகம் மாறிற்று. 1948இல் இஸ்ரேல் அமைந்தது. மலபார் யூதர் தம் தொழுகைக் கூடங்களின் சொத்துகளை விற்று, மூட்டை கட்டிப் புறப்பட்டனர். யானைக்கால் நோயைக் காரணம் காட்டி அங்கிருந்தோர் முதலில் தயங்கினர். 1953இல் சாலேமே இஸ்ரேலுக்குப் போய் அவர்களுக்காகப் பேசினார். அந்தப் பத்தாண்டில் 2,000க்கும் மேற்பட்டோர் குடியேறினர். மறை ஓதக் கற்றிருந்தவர்கள் பாலைவனத்தின் ஓரத்தில் உழவர்களாயினர். சாலேமோ கொச்சியிலேயே இருந்தார், 1967இல் மறைந்தார். அவர் தரையில் அமர்ந்த கூடத்தை அடுத்த சாலைக்கு இன்று அவர் பெயர்.

மலபார் யூதரின் மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் கூடம் கிடங்காயிற்று. அதன் மரவேலைப்பாடுகள் கப்பலேறி எருசலேம் அருங்காட்சியகத்துக்குப் போயின. வெள்ளை யூதர் உடனே புறப்படவில்லை. கடையும் வீடும் நிலமும் இருந்தன. ஆனால் அவர்கள் மிகச் சிலர். தம்முள்ளேயே மணந்து மணந்து, மணப்பதற்கு முறையுள்ளோர் இல்லாத நிலை வந்தது. பலர் மணமின்றியே முதுமை அடைந்தனர். இளையோர் ஒவ்வொருவராய் வெளிநாடு சென்றனர். 20ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள், அந்த நீலவண்ணத் தரைமீது கூட்டுத் தொழுகை நடத்தப் பத்து ஆண்கள் சேர்வதே அரிதாயிற்று. ஓய்வுநாள் மாலையில் விளக்கை ஏற்றிவிட்டு, அயல்நாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த யூதர் எவரேனும் உண்டா என்று காத்திருந்தனர். எறணாகுளத்தில் எஞ்சியிருந்த மலபார் யூதர் சிலரும் அப்போது படகேறி வந்து, பத்தின் எண்ணிக்கையை நிறைத்துக் கொடுத்தனர்.